புத்தகக் கடையில் வாசிப்புக் கூட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்தாளர் தன் புத்தகத்திலிருந்து படிக்க, வாசகர்கள் உட்கார்ந்து கேட்கும் வாசிப்புக் கூட்டம் நடத்தலாம் என்று முடிவானதும் சின்ன ஊர்ப் புத்தகக் கடைக்காரர்கள் பலர் முதலில் சென்னைக்குத்தான் போன் போடுகிறார்கள். பெயர் தெரிந்தவர் வந்தால்தான் ஆள் சேரும் என்று ஒரு நினைப்பு. கோவில்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில் பிறந்து, சேர்ந்து வளர்ந்தவர்கள் எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். இருவருக்குமே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, 1970இல் ஒருவருக்கு, 1991இல் மற்றவருக்கு. அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்திலும், இன்று எழுதிக்கொண்டிருக்கும் பள்ளி ஆசிரியரையோ தீப்பெட்டி ஆபீஸ் கணக்கரையோ அழைக்கத் தயங்குகிறோம். உள்ளூர்க்காரர் எழுதிய தெரு, கேட்பவர்கள் தினமும் நடக்கிற தெரு. “அது நம்ம கிணறுல்லா?” என்று பின்வரிசையில் யாராவது முணுமுணுத்துவிட்டால் போதும், மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வாசிப்பை விழா ஆக்கிவிடுவது. அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நாலைந்து வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை. ஆறு மணிக் கூட்டம் ஆறரைக்குத் தொடங்கும். பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, மைக் எழுத்தாளர் கைக்கு வரும்போது மணி எட்டாகியிருக்கும். கிராமத்திலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்து ஒவ்வொருவராக எழுந்துகொள்வார்கள். எழுத்தாளரும் ‘நேரம் கருதி’ இரண்டு பத்தி படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். எதைக் கேட்க எல்லோரும் வந்தார்களோ அது மட்டும் நடந்திருக்காது. எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது என்பேன்.

கடைக்காரர் இரண்டு நிமிடம் அறிமுகம் சொன்னால் போதும், உடனே வாசிப்பு. சரி, ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? கோபிப்பார்கள். அவர்களை முதல் பிரதி பெற்றுக்கொள்ளவும் முதல் கேள்வி கேட்கவும் முன்கூட்டியே நேரில் போய் அழையுங்கள். “அண்ணாச்சி, நீங்க கேட்டு ஆரம்பிச்சு வைக்கணும்” என்றால் மறுப்பவர்கள் குறைவு.

அடுத்தது, எதைப் படிப்பது என்று யோசிக்காமல் வருவது. எழுத்தாளர் மேடையில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே “எந்தப் பக்கம் வாசிக்கலாம்?” என்று கேட்டால் கூட்டம் அங்கேயே தளர்ந்துவிடும். ஒரு பக்கத்தை நிதானமாகப் படிக்க ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆகும். அதனால் இருபது நிமிடத்துக்கு எட்டுப் பக்கம். நீண்ட வர்ணனையைவிடப் பேச்சு நிறைந்த பகுதி காதுக்கு நல்லது. ஊர் வழக்கில் எழுதியவர் என்றால் அந்த வழக்கிலேயே படிக்கட்டும், மேடைத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். முந்தின நாள் வீட்டில் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மனதுக்குள் படிக்கும்போது தெரியாத மூச்சுமுட்டும் வாக்கியங்கள் அப்போதுதான் தெரியும்.

கடையின் உள்ளே சில சின்ன விஷயங்கள் இருக்கின்றன. முப்பது பேர் உட்காரும் அறைக்கு மைக்கே தேவையில்லை. வாடகை ஸ்பீக்கர் சுவரில் மோதி எதிரொலித்தால் பாதி சொற்கள் கேட்காது. தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றால் பக்கம் படபடக்கும். படிப்பவரை அதற்கு நேர் கீழே உட்கார வைக்காதீர்கள். டியூப்லைட் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எழுத்தின் மேல் நிழல் விழும். வயதானவர் என்றால் தடுமாறிப்போவார். ஒரு மேசை விளக்கு வைத்தால் தீர்ந்தது.

நாள் குறிக்கும்போது நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள். முகூர்த்த நாளில் ஊரே கல்யாண மண்டபத்தில் இருக்கும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. ஆடி வெள்ளியில் கோயில் குழாய் ஸ்பீக்கரோடு போட்டிபோட முடியாது. ஜனவரியில் எழுத்தாளரும் பதிப்பாளரும் சென்னைப் புத்தகக் காட்சியில் இருப்பார்கள்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து பத்து நிமிடம் தன் கருத்தைச் சொல்லிவிட்டு உட்காருவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். உட்காரும்போதே துண்டுச்சீட்டும் பேனாவும் கொடுத்துவிட்டு, கேள்விகளை எழுதி வாங்கிக் கடைக்காரரே படிக்கலாம். எழுந்து பேசக் கூச்சப்படும் மாணவிகளின் கேள்விகள் இப்படித்தான் வெளியே வரும். அவை பெரும்பாலும் நல்ல கேள்விகளாகவும் இருக்கும்.

கடைசியாக, பணம். புத்தகமே கைக்கு வராமல் கூட்டம் போட்டுவிடுகிறார்கள். பார்சல் தாமதமாகும், பத்து நாள் முன்பே பதிப்பகத்தில் சொல்லி வையுங்கள். எழுத்தாளர் தன் பிரதிகளைக் கொண்டுவந்தால் கடைக்கு எத்தனை சதவீதம் கழிவு என்பதை முன்பே பேசிவிடுங்கள். கூட்டம் முடிந்து, வெட்கப்பட்டுக்கொண்டே பேரம் பேசும் நிலை இருவருக்கும் வேண்டாம். வந்த பிரதி, விற்றது, மீதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அன்றிரவே கணக்கை முடித்து, அவருக்குரிய பணத்தைக் கொடுத்தனுப்புங்கள்.