பந்துகளியில் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால்: முதல் நிமிடத்திலிருந்து மறுபடி களமிறங்கும்வரை

குமரி மாவட்டக் கரையில் நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம். இந்தப் பக்கம் வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர். இந்தக் கரையில் நடக்கப் பழகும் பிள்ளை கையோடு பந்தை உதைக்கவும் பழகிவிடும். காலையில் கடற்கரை மணலிலும் மாலையில் பள்ளி மைதானத்திலும் நான் கால்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். கால் சுளுக்கினால் என்ன செய்வது என்று இங்கே பத்து வயதுப் பையனுக்குக்கூடத் தெரியும். தலையில் அடிபட்டால் மட்டும் தண்ணீரை ஊற்றி, "ஒண்ணுமில்ல மக்களே, எழும்பு" என்று தட்டிக்கொடுத்து மறுபடி இறக்கிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு பையனை அப்படி இறக்கினேன். கார்னர் பந்துக்கு எகிறியவன் எதிரணிப் பையனோடு தலை மோதி விழுந்தான். எழுந்தான், பேசினான், இரண்டாம் பாதி முழுக்க ஆடினான். வேனில் ஏறும்போது, "சார், நம்ம எத்தனை கோல்?" என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டான். மூன்றாவது முறை கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அவன் நன்றாகத் தேறிவிட்டான். ஆனால் அந்த இரண்டாம் பாதியை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

இது என்ன காயம்?

மண்டையோட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதக்கிறது. அடியின் வேகத்தில் அது குலுங்கும்போது அதன் வேலை சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ தடுமாறும். இதைத்தான் கன்கஷன், அதாவது மூளை அதிர்வு என்கிறார்கள். தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றில்லை, உடம்பில் பலமாக மோதித் தலை வெட்டி இழுத்தாலும் வரும். பெரும்பாலான பிள்ளைகள் மயங்கி விழுவதில்லை. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், அதிர்வைக் காட்டாது. அதனால் "ஸ்கேன் நார்மல், நாளைக்கு ஆடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 1: ஆட்டத்துக்கு முன்பே ஒருவரை நியமியுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். தலையில் அடிபட்ட பிள்ளையை வெளியே எடுக்கும் முடிவு கோச்சின் கையில் இருக்கக் கூடாது. கோச்சாக இருந்துகொண்டே சொல்கிறேன்: ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும்போது நம் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஸ்கோரைப் பற்றிக் கவலைப்படாத ஒருவரை வையுங்கள். எங்கள் அணியில் ஒரு பையனின் அம்மா இதைச் செய்கிறார். அவர் கை காட்டினால் பையன் வெளியே, மறுபேச்சு கிடையாது.

பெற்றோரின் போன் எண்களைத் தாளில் எழுதி அவரிடமே கொடுங்கள். 108 ஆம்புலன்ஸ் இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லையில் போன் எந்த டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், பேசும்போது மாநிலம், மாவட்டம், பக்கத்துக் கோயில் அல்லது பள்ளியின் பெயர் ஆகியவற்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: அடிபட்ட உடனே

ஆட்டத்தை நிறுத்துங்கள். பிள்ளை தரையில் கிடந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், கழுத்தில் காயம் இருக்கலாம். தலையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள்.

மயக்கம், வலிப்பு, மறுபடி மறுபடி வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கழுத்துவலி, கைகால் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, நேரம் ஆக ஆகக் குழப்பமோ தூக்கக் கலக்கமோ கூடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு சோதனைக்கு நேரம் செலவழிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜா, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜா என்று அங்கே நின்று விவாதம் வேண்டாம், எது சீக்கிரம் போய்ச் சேருமோ அதுதான்.

படி 3: வெளியே கொண்டுவந்து கேளுங்கள்

"உனக்கு ஆட முடியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். முடியும் என்றுதான் சொல்வான். 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமருக்குத் தலையில் அடிபட்டது. அதன் பிறகும் சுமார் 14 நிமிடம் களத்தில் இருந்தார். நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் போய், "இதுதான் இறுதி ஆட்டமா?" என்று கேட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த மைதானத்தில் இது நடந்தது என்றால் நம் பள்ளி மைதானத்தில் எத்தனை நடந்திருக்கும்!

கேட்க வேண்டியவை: இது எந்த மைதானம்? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா? சின்னப் பிள்ளையாக இருந்தால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, உன் டீச்சர் பேர் என்ன என்று கேட்டால் போதும். கேள்வியைப் பிள்ளையின் வீட்டு மொழியிலேயே கேளுங்கள். மலையாளம் பேசும் பையனிடம் தமிழில் கேட்டால், அவன் தயங்குவது மொழியாலா அடியாலா என்று நமக்குப் புரியாது. எங்கள் தாளில் கேள்விகளை இரண்டு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறோம்.

பதில் சரியாக வந்தாலும், தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமோ சத்தமோ தாங்காமை, தள்ளாட்டம், காரணமில்லாத அழுகை என்று ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. சந்தேகம் இருந்தாலும் முடிந்ததுதான். சில அறிகுறிகள் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். மூளை ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் அரிதாக மூளை வீங்கி உயிரே போகலாம். 2011இல் வட அயர்லாந்தில் ஒரு பள்ளி ரக்பி ஆட்டத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் அப்படித்தான் இறந்தான். அடிபட்ட பிறகும் அவனை ஆடவிட்டிருந்தார்கள்.

படி 4: வீட்டில் முதல் 48 மணி நேரம்

பிள்ளையைத் தனியாக அனுப்பாமல் பெற்றோர் கையில் ஒப்படையுங்கள். முதல் சில மணி நேரம் யாராவது கூடவே இருக்க வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும். "தூங்கவிடக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். படி 2இல் சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லாவிட்டால் தாராளமாகத் தூங்கலாம், தூக்கம் நல்லதுதான். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இந்த இரண்டு நாளும் போன், டிவி குறைவாக இருக்கட்டும். இருட்டறையில் படுக்க வைக்கத் தேவையில்லை, வீட்டுக்குள் நடமாடலாம், மெதுவாக நடக்கலாம். சைக்கிள் வேண்டாம். எங்கள் கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: கடலில் குளிக்கவும் வள்ளத்தில் ஏறவும் விடாதீர்கள். உடம்பின் சமநிலை இன்னும் சரியாகியிருக்காது.

படி 5: முதலில் வகுப்பு, அப்புறம் பந்து

வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். புத்தகத்தைப் பார்த்தால் தலை வலிக்கலாம், கணக்கு மெதுவாக வரலாம். பரீட்சை நேரம் என்றால் இது பிள்ளைக்குப் பெரிய கஷ்டம், சோம்பேறி என்று திட்டு வாங்கக் கூடாது. அரை நாள் பள்ளி, இடையில் ஓய்வு என்று தொடங்கலாம்.

படி 6: களத்துக்குத் திரும்புவது

2022இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேச மாநாட்டின் வழிகாட்டுதல் ஆறு கட்டம் சொல்கிறது. வழக்கமான சின்னச் சின்ன வேலைகள், பிறகு வேக நடை அல்லது நின்ற இடத்துச் சைக்கிள், பிறகு தனியாக ஓட்டமும் பந்து உருட்டலும், பிறகு மோதலில்லாத அணிப் பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி நன்றாகக் கூடினால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். நான்காவது கட்டத்துக்குமுன் அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது, டாக்டரின் சம்மதமும் வேண்டும்.

எத்தனை நாள் என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். பிரிட்டன் 2023இல் உள்ளூர் விளையாட்டுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், 21 நாளுக்கு முன் போட்டியில் ஆடக் கூடாது. எங்கள் அணியில் இதையே பிடித்துக்கொண்டோம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பைனல் இருந்தாலும் மாற்றம் இல்லை.

தலையால் முட்டும் பயிற்சியைக் கடைசியில், முழுப் பயிற்சிக் கட்டத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது எப்போதுமே வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடை செய்திருக்கிறது.

ஆறாவது கட்டத்துக்கு முந்தைய இரவு பையனின் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். பயிற்சி முடிந்து வந்து தலை வலித்ததா, நன்றாகச் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேளுங்கள். அதற்கப்புறம் பட்டியலில் அவன் பெயரை எழுதுங்கள்.