ஏ.சி.யில் கேஸ் குறைவா, சென்சார் கோளாறா? பணம் கொடுக்கும் முன் நீங்களே பாருங்கள்

மும்பையில் மார்ச் பிறந்துவிட்டால், ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்று கூப்பிடுகிற வீட்டிலெல்லாம் வருகிற மெக்கானிக் முதலில் சொல்வது "கேஸ் கம் ஹை", அதாவது கேஸ் குறைவு, என்பதுதான். கேஸ் எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. அது குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் பணம்தான் வீண். ஆனால் பல வீடுகளில் கேஸ் அப்படியே இருக்கும், கோளாறு சில நூறு ரூபாய் சென்சாரில் இருக்கும். அதனால் கேஸுக்கோ பிசிபி (ஏ.சி.யை இயக்கும் மின்னணு போர்டு) மாற்றவோ தலையாட்டும் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். மின்தடையை அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். வாரண்டி இருக்கிற ஏ.சி.யை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள்.

ஸ்பிளிட் ஏ.சி.யின் உள் யூனிட்டில் வழக்கமாக இரண்டு சென்சார் இருக்கும். ஒன்று அறைக் காற்றைப் பார்ப்பது, ஃபில்டருக்குப் பின்னால், காயிலுக்கு (காற்றைக் குளிர்விக்கிற குழாயும் தகடும் சேர்ந்த பகுதி) முன்னால் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பில் மிளகு அளவுக்குக் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்று காயில் சென்சார், செம்புத் தலையோடு, காயில் குழாயில் பற்றவைத்த சின்ன உறைக்குள் செருகியிருக்கும். இரண்டுமே சூடு ஏறினால் மின்தடை குறைகிற வகை. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

ஏ.சி.யைக் கழற்றாமலே முதல் சோதனையைச் செய்யலாம். ஃபில்டரைக் கழுவி மாட்டி, 24 டிகிரி வைத்து ஓட விடுங்கள். கம்ப்ரசர் கிளம்ப மூன்று நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும், அது கோளாறு இல்லை. கிளம்பிய பிறகு கிரில்லில் வருகிற காற்று நன்றாகச் சில்லென்று இருந்து, அறை இன்னும் 29, 30 டிகிரியில் இருக்கும்போதே கம்ப்ரசர் நின்றுவிடுகிறதா? அப்படியானால் கேஸைவிட அறை சென்சாரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அறை ஏற்கனவே குளிர்ந்துவிட்டதாக அது போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, அறை விறைத்துப்போகிற அளவு குளிர்ந்தும் கம்ப்ரசர் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருந்தால், அறை சென்சார் சூடு அதிகம் என்று சொல்கிறது. உங்கள் ரிமோட்டில் 'ஐ ஃபீல்' அல்லது 'ஃபாலோ மீ' பட்டன் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அப்போது ஏ.சி. உள் சென்சாரை விட்டுவிட்டு ரிமோட்டில் இருக்கிற சென்சாரைக் கேட்கும். அந்தப் பட்டன் போட்டதும் எல்லாம் ஒழுங்காக ஓடினால் ஏறக்குறைய முடிவு தெரிந்துவிட்டது. புது சென்சார் வரும்வரை இப்படியே ஓட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

அடுத்து திறந்து பார்ப்பது. எம்சிபியை (ஏ.சி.க்கு மின்சாரம் போகும் பாதுகாப்பு ஸ்விட்ச்) இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும், ரிமோட்டில் அணைத்தால் போதாது. மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேயே தெரியும். சீசனுக்கு முந்தைய சர்வீஸில் பிரஷர் பம்ப் வைத்துக் கழுவும்போது சென்சாரைக் கழற்றுவார்கள், அவசரத்தில் திரும்ப ஒழுங்காக மாட்டுவதில்லை. செம்பூரில் என் பெரியம்மா வீட்டில், கிளிப் உடைந்து அறை சென்சார் நேராகக் காயிலின் அலுமினியத் தகட்டிலேயே சாய்ந்து கிடந்தது. சில்லிட்ட தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது குளிர் என்றுதானே சொல்லும்? கேஸ் போட வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார்கள். வயரை நகர்த்தி ஒரு கேபிள் டையால் கட்டியதோடு வேலை முடிந்தது. காயில் சென்சார் உறையிலிருந்து நழுவியிருந்தால் இன்னும் மோசம், காயில் எவ்வளவு குளிர்ந்தாலும் அதற்குத் தெரியாது. சில இன்வெர்ட்டர் ஏ.சி.க்கள் அதைப் பார்த்து, காயில் குளிரவே இல்லை, கேஸ் இல்லை போலிருக்கிறது என்று எரர் காட்டும். மெக்கானிக்கும் அந்த எரரை நம்பி சிலிண்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். எரர் கோட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், யூடியூபைவிட உங்கள் மாடலின் மேனுவலை நம்புங்கள்.

சரி, இப்போது மீட்டர். சென்சார் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, மீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை அளக்கிற நிலையில், வைத்து இரண்டு முனையிலும் தொடுங்கள். 10கே சென்சார் என்றால் 25 டிகிரியில் 10 கிலோ ஓம். நம் ஊர் அறை 30 டிகிரியில் இருப்பதால் 8 பக்கம் காட்டும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். சென்சார் தலையை விரலால் பிடித்தால் எண் நிதானமாக இறங்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் தலையை மட்டும் முக்கினால் 30 கிலோ ஓம் பக்கம் ஏற வேண்டும். எண் தாவினாலோ, அசையாமல் நின்றாலோ, வயரை லேசாக இழுக்கும்போது காணாமல் போனாலோ சென்சார் போய்விட்டது. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது, பூஜ்யம் காட்டினால் ஷார்ட்.

கடல் காற்று அடிக்கிற பக்கம் குடியிருப்பவர்கள் கனெக்டர் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் மின்தடை கூடும், அறையை உண்மையைவிடக் குளிர் என்று போர்டு எடுத்துக்கொள்ளும். சென்சாரே நன்றாக இருந்தும் ஏ.சி. சீக்கிரம் நிற்பதற்கு இது ஒரு காரணம். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். சென்சார் தலை விரிசல் விட்டு மழைக்கால ஈரம் உள்ளே போயிருந்தால் இதற்கு எதிர்மாறு, தடை குறைந்து சூடு அதிகமாகத் தெரியும். அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது அதே மதிப்புதான் வாங்க வேண்டும். மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டுக்குப் போனால் பழைய சென்சாரையும் மாடல் நம்பரையும் கையோடு கொண்டுபோங்கள், கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக எதையாவது வாங்கிவிடாதீர்கள். 5கே இருந்த இடத்தில் 10கே மாட்டினால் 30 டிகிரி அறையை ஏ.சி. 15 டிகிரி என்று நினைக்கும், கம்ப்ரசர் கிளம்பவே கிளம்பாது.

வெளி யூனிட்டிலும் சென்சார்கள் உண்டு, ஆனால் அதை நீங்கள் தொடவே வேண்டாம். இங்கே பாதி வெளி யூனிட்டுகள் ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டில் தொங்குகின்றன, அதோடு இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டரில் மின்சாரத்தை அணைத்த பிறகும் சார்ஜ் நிற்கும். உள்ளே இரண்டு சென்சாரும் சரி என்று தெரிந்தபிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, நீங்கள் எடுத்த ஓம்ஸ் கணக்கைக் காட்டி, கேஸ் போடுவதாக இருந்தால் முதலில் கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.