உறைக்காக ஒரு திராட்சைக்கொடி

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் திராட்சை வளர்த்து, அந்தப் பழத்தை மட்டுமே வைத்து ஒயின் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈசூனில் ஒன்பதாவது மாடியில் என் வாசலில் நிற்கும் கொடி, நன்றாகக் காய்த்த முறைக்குக் கொடுத்தது ஒன்றரைக் கிலோ. பிழிந்தால் ஒரு லிட்டர்கூடத் தேறாது. ஆனாலும் அந்தக் கொடி இல்லாமல் நான் ஒயின் போடுவதில்லை. சாற்றுக்குப் பழம் கடையில் கிடைக்கும், அதைப் புளிக்கவைக்க ஊற்றும் உறை கிடைக்காது.

இது புரிய எனக்கு ஐந்து கிலோ பழம் வீணாக வேண்டியிருந்தது. முதல் தடவை தேக்காவில் கறுப்புத் திராட்சை வாங்கி வந்து, கையால் பிசைந்து, ஈஸ்ட் எதுவும் போடாமல் பக்கெட்டில் வைத்தேன். இட்லி மாவுக்கு ஈஸ்டா போடுகிறோம், தானாகப் புளிக்கும் என்ற நம்பிக்கை. ஆறு நாள் ஆகியும் ஒரு குமிழி வரவில்லை. ஏழாம் நாள் மேலே பச்சையாகப் பூசணம். என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, இது ஒயினா, ஊறுகாயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கப்பலில் வரும் திராட்சையின் அட்டைப்பெட்டியைக் கடைக்காரர் பிரிக்கும்போது பாருங்கள், பழத்தின் மேல் ஒரு தாள் கிடக்கும். அதிலிருந்து கந்தக டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். பழத்தில் பூசணம் வராமல் காப்பது அதுதான். தோலில் இருக்கும் ஈஸ்டையும் அது விட்டுவைப்பதில்லை. ஆக, கடைப் பழம் சாறுக்கு. நம் கொடியின் பழம் அந்தச் சாற்றைப் புளிக்கவைக்கும் உறைக்கு.

முதலில் கொடி. ஊருக்குப் போகும்போது குச்சியை ஒடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வராதீர்கள். தாவர நலச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி என்று முறை இருக்கிறது. இங்குள்ள நாற்றுப் பண்ணையில் வேர்விட்ட செடியாக வாங்குவதே நிம்மதி. 50 லிட்டர் தொட்டி, தண்ணீர் நிற்காத மண், தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில். வெயில் குறைந்தால் கொடி செழிப்பாக இருக்கும், பூக்காது. தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. அதனால் பந்தல் போடும் ஆசையை விட்டுவிட்டு, தொட்டிக்குள்ளேயே மூங்கில் ஊன்றி மேலே ஏற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். டெங்கிக் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

அடுத்தது கவாத்து, அதாவது காய்ப்புக்காகக் குச்சிகளை வெட்டிவிடுவது. குளிர்நாட்டில் கொடி இலையுதிர்த்து உறங்கி எழுந்து பூக்கிறது. இங்கே வருடம் முழுக்க நுனியை நீட்டிக்கொண்டே போகும், காய்க்காது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலும் அந்தக் குளிர் கிடையாது. அங்கே பன்னீர் திராட்சை எல்லா மாதமும் அறுப்பது கவாத்தை நம்பித்தான். சுருளிப்பட்டியில் குத்தகைப் பந்தல் வைத்திருந்த என் அப்பா, குச்சியைப் பிடித்தால் முதலில் வெட்ட மாட்டார். பென்சில் கனம் இருக்கிறதா, பச்சை மாறிப் பழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தடவிக்கொண்டே போவார். தட்டையான மொட்டில் இலைதான் வரும், உருண்டு விரலில் இடறும் மொட்டில்தான் குலை இருக்கும் என்பார். அடியிலிருந்து நாலைந்து மொட்டு விட்டு, கடைசி மொட்டுக்கு ஒரு விரல்கடை மேலே சாய்வாக வெட்டு. நானும் அப்படியே செய்கிறேன். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைப்பேன், வெட்டியதும் மிச்ச இலைகளை உருவிவிடுவேன். மொட்டை உசுப்பத் தோட்டக்காரர்கள் அடிக்கும் சயனமைடு மருந்து வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அது உடம்பில் பட்ட நிலையில் மது குடித்தால் ஆபத்து, அதிலும் நாம் ஒயின் போடுகிறவர்கள்!

எனக்கு ஒத்துவந்தது பொங்கல் கவாத்து. ஜனவரி நடுவில் வெட்டினால், இங்கே மழை குறையும் பிப்ரவரி கடைசியில் பூ. நாலு மாதம் கணக்கு வைத்தால் மே மாதம் பழம். மழையில் பூத்த முறைகளில் அடிச்சாம்பல் நோய் விழுந்து பாதிக் குலை போயிற்று. இலையின் மேலே எண்ணெய் பட்டதுபோல மஞ்சள், கீழே வெள்ளைப் பொடி என்றால் அந்த இலையை அன்றைக்கே கிள்ளிக் குப்பையில் போடுங்கள். பூசண மருந்தாகக் கந்தகமோ போர்டோ கலவையோ தெளிப்பவர்கள் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். தோலில் தங்கிய கந்தகம் ஈஸ்டுக்கு இடைஞ்சல், ஒயினிலும் அழுகிய முட்டை நாற்றம் வரும். காய் நிறம் மாறும்போது குலைக்கு வலைப்பை கட்டுங்கள். மைனாக்கள் நமக்கு முன்பே ருசி பார்த்துவிடும்.

உறை போட நன்கு பழுத்த 400 கிராம் போதும். கழுவக் கூடாது. வெடித்தது, பூசணம் பட்டது எல்லாவற்றையும் ஒவ்வொரு பழமாகப் பார்த்துத் தள்ளுங்கள். பழத்தின் மேல் வெண்மையாகப் படிந்திருப்பதுதான் ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது பழத்தின் சொந்த மெழுகு. ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாது. தோலில் இருப்பதும் பெரும்பாலும் வேறு ஜாதி. அவைதான் முதலில் பொங்க ஆரம்பிக்கும், மது நாலைந்து சதவீதம் ஆனதும் ஓய்ந்துவிடும். எண்ணிக்கையில் குறைவான ஒயின் ஈஸ்ட் அதற்குள் பெருகி மிச்ச வேலையை முடிக்கும்.

பழத்தை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் பிரித்து நசுக்கி, வாயில் துணி கட்டி, நாளுக்கு நாலு தடவை கிளறுங்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் இரண்டு. நம் வெப்பத்தில் இரண்டாம் நாளே ஓரத்தில் சின்னக் குமிழிகள் வரும். மூன்றாம் நாள் கிளறினால் சோடாபோலச் சீறும். அப்போது மூக்கை வையுங்கள். ரொட்டிக்கடை வாசம், பழுத்த கொய்யா வாசம் என்றால் நல்லது. நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல மூக்கில் ஏறினால் கொட்டிவிடுங்கள், போகப்போகச் சரியாகாது. பூசணம் தெரிந்தாலும் அப்படியே. மேலாக எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளும் சிக்கனம் இங்கே உதவாது.

உறை சீறும் நாளில் கடைப் பழம் ஐந்து கிலோ வாங்குங்கள். விதையுள்ள கறுப்பு கிடைத்தால் நல்லது, நிறமும் துவர்ப்பும் இறங்கும். இதை நன்றாகக் கழுவி, தண்ணீர் வடித்து, காம்பு நீக்கி, உணவுக்கான 10 லிட்டர் பக்கெட்டில் பிசையுங்கள். மிக்சி வேண்டாம், விதை உடைந்தால் கசக்கும். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பாருங்கள், சர்க்கரை கூடினால் எண்ணும் கூடும். கடைப் பழம் எனக்கு 1.070 பக்கம்தான் காட்டும், அதாவது ஒன்பது சதவீத ஒயின். லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை கரைத்தால் 1.090 வரும், பன்னிரண்டு சதவீதம். அதற்கு மேல் போனால் உறை ஈஸ்ட் பாதியில் படுத்துவிடலாம். இப்போது நல்ல ஜாடியின் உறையை ஊற்றிக் கலக்கி, துணி கட்டுங்கள்.

மறுநாள் தோலெல்லாம் மேலே எழும்பித் தொப்பிபோல நிற்கும். காலையும் மாலையும் படுக்கும் முன்னும் அதை உள்ளே அமுக்கிவிட வேண்டும். காய்ந்த தோலில்தான் பழ ஈ உட்காரும், பழ ஈ கொண்டுவருவது காடி, அதாவது வினிகர் புளிப்பு. இன்னொரு எதிரி சூடு. புளிக்கும்போது அதுவே சூடாகும், நம் வீடோ ஏற்கெனவே 30 டிகிரி. 35 தொட்டால் ஈஸ்ட் தடுமாறும். பக்கெட்டைத் தண்ணீர் நிறைந்த பேசினில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டை அந்தப் பேசினில் மாற்றி மாற்றிப் போடுங்கள். நான் வேலைக்குப் போகும் நாட்களில் மதிய பாட்டிலை மாற்றுவது என் மனைவி. ஊறுகாய் என்று சொன்னவளேதான்.

ஆறேழு நாளில் ஹைட்ரோமீட்டர் அளவு 1.010க்கு இறங்கியதும் துணியில் பிழியுங்கள். மூன்று லிட்டருக்கு மேல் கிடைக்கும். மூன்று லிட்டர் ஜாடியைக் கழுத்து வரை நிரப்பி, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் மூடியை மாட்டுங்கள், மீதியைச் சிறு பாட்டிலில் வையுங்கள். ஏர்லாக் இல்லையென்றால் ஊசியால் குத்திய பலூன் போதும். இறுக்கி மூடினால் வெடிக்கும். மூன்று வாரம் கழித்து, கசடு கலங்காமல் குழாயால் வேறு ஜாடிக்கு மாற்றுங்கள். குறைவதைச் சிறு பாட்டிலிலிருந்து நிரப்புங்கள். அளவு 0.996 பக்கம் வந்து ஒரு வாரம் அசையாமல் நின்றால் முடிந்தது. ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் வைத்தால் தெளியும். பிறகு பாட்டில், அதுவும் ஃபிரிட்ஜில்தான். கெடாமலிருக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்க்காத ஒயின் நம் அறை வெப்பத்தில் நிற்காது. மூன்று நான்கு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 18 வயது நிறைந்தவர், தன் வீட்டில், சொந்த உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் போடலாம். விற்கக் கூடாது. காய்ச்சி வடிப்பது குற்றம்.

ஜாடி அடியில் தங்கிய கசடைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஒயின் நல்ல வாசத்தோடு முடிந்திருந்தால், அந்தக் கசடில் நான்கு மேசைக்கரண்டி எடுத்துச் சுத்தமான புட்டியில் ஃபிரிட்ஜில் வையுங்கள். கொடி அடுத்த முறை காய்க்கும் வரை காத்திருக்காமல், இரண்டு வாரத்துக்குள் இன்னொரு ஐந்து கிலோ வாங்கினால் அதுவே உறை.