எம்.எல்.ஏ. ஒருவரின் தேர்தல் வரலாற்றை எழுதுவது எப்படி?

முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் காலமானார் என்று செய்தி வந்ததும் நாளிதழ் அலுவலகத்தில் எழும் முதல் கேள்வி, "எத்தனை முறை ஜெயித்தவர்?" என்பதுதான். ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இந்தக் கேள்வியோடு வருபவர்களை எல்லாம், "எத்தனை முறை நின்றார் என்று முதலில் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெற்றிகளை மட்டும் வரிசையாக அடுக்கினால் அது கட்சி மலரில் வரும் வாழ்த்துப்பா. இரங்கல் குறிப்போ, மாவட்ட வரலாறோ, உங்கள் ஊர்த் தொகுதியைப் பற்றிய கட்டுரையோ எழுதப் போகிறவர்களுக்காக, நான் பின்பற்றிய முறையை இங்கே சொல்கிறேன்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு இடது ஓரத்தில் பொதுத்தேர்தல் ஆண்டுகளை எழுதுங்கள்: 1952, 1957, 1962, 1967, 1971, 1977, 1980, 1984, 1989, 1991, 1996, 2001, 2006, 2011, 2016, 2021. அவர் பிறப்பதற்கு முந்தையவற்றை அடித்துவிடலாம். மற்ற எந்த ஆண்டையும் விடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகுதி, கட்சி, சின்னம், வாக்கு, எத்தனையாவது இடம், யாரிடம் வென்றார் அல்லது தோற்றார் என்று கட்டம் போடுங்கள். அவர் நிற்காத ஆண்டின் கட்டம் காலியாக இருக்கட்டும். அங்கே ஏன் நிற்கவில்லை என்ற கேள்வியை மட்டும் எழுதி வையுங்கள்.

காலிக் கட்டம் எவ்வளவு பேசும் என்பதற்கு மு. கருணாநிதியின் தாளே சான்று. 1957-இல் குளித்தலையில் தொடங்கி 2016-இல் திருவாரூர் வரை 13 வெற்றிகள்; சட்டமன்றத் தேர்தலில் தோல்வியே இல்லை. ஆனால் 1984-க்கு எதிரே ஒன்றும் இல்லை. அந்தத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. அப்போது மேலவை உறுப்பினராக இருந்தார். அந்த மேலவையே 1986-இல் கலைக்கப்பட்டது. 13 என்ற எண்ணை மட்டும் எழுதுகிறவருக்கு இந்தக் கதை கிடைக்காது. அதேபோல மு.க. ஸ்டாலினின் தேர்தல் வாழ்க்கை 1989-இல் தொடங்கியதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் முதலில் நின்றது 1984-இல், ஆயிரம் விளக்கு தொகுதியில், தோற்றார். 1989-இல் அங்கேயே வென்று 1991-இல் மறுபடியும் அங்கேயே தோற்றார். பிறகு வரிசையாக வந்த வெற்றிகளை இந்த இரண்டு தோல்விகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தொகுதியின் மனநிலை பிடிபடும்.

கட்டங்களை நிரப்ப முதல் ஆதாரம், ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் வெளியிட்டிருக்கும் புள்ளிவிவர அறிக்கை. ஆணையத்தின் இணையதளத்தில் 1951-52 முதல் கிடைக்கிறது. அதில் தோற்றவர்களின் பெயரும் வாக்குகளும் இருக்கும். இரண்டாவது, பேரவைச் செயலகம் வெளியிடும் உறுப்பினர் விவரத் தொகுப்பு. அதிலுள்ள குறிப்புகள் உறுப்பினரே எழுதிக் கொடுத்தவை. ஊர், படிப்பு, தொழில் ஆகியவற்றுக்கு அதை நம்பலாம். தேர்தல் கணக்குக்கு நம்பாதீர்கள். தோற்ற ஆண்டை எழுதிக் கொடுத்த உறுப்பினரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெயரில் கவனம் வேண்டும். ஆணையத்தின் பழைய அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒரே மனிதர் மூன்று தேர்தலில் மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். முன்னெழுத்தும் மொழிக்கு மொழி மாறும். எ.வ. வேலு ஆங்கில அறிக்கையில் 'இ.வி.' ஆகிவிடுவார். தா.மோ. அன்பரசன் 'டி.எம்.' ஆகிவிடுவார். க. அன்பழகனும் ஜெ. அன்பழகனும் ஒரே கட்சி, இருவரும் சென்னைத் தொகுதிகளில் வென்றவர்கள், 2020-இல் சில மாத இடைவெளியில் இருவரும் மறைந்தார்கள். முன்னெழுத்தைக் கவனிக்காமல் எடுத்த படமும் குறிப்பும் மாறிப்போக இதைவிட வேறென்ன வேண்டும்? போதாததற்கு, வாக்கைப் பிரிப்பதற்கென்றே அதே பெயரில் சுயேச்சைகளை நிறுத்துவது நம் ஊரில் பழைய தந்திரம். பெயர், முன்னெழுத்து, தொகுதி, கட்சி நான்கும் பொருந்தினால் மட்டுமே தாளில் ஏற்றுங்கள்.

தொகுதி என்ற பொறி

பேரவையில் 234 இடங்கள் என்பது 1967 முதல் மாறவில்லை. அதனால் தொகுதிகளும் மாறவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1977 தேர்தலுக்கு முன்னும் 2011 தேர்தலுக்கு முன்னும் எல்லைகள் திருத்தி வரையப்பட்டன. 2008 மறுசீரமைப்பில் தேனி, சேரன்மகாதேவி, சாத்தான்குளம், மருங்காபுரி, சேடபட்டி போன்ற தொகுதிகள் பட்டியலிலிருந்தே போய்விட்டன. 1991 முதல் 1996 வரை பேரவைத் தலைவராக இருந்த இரா. முத்தையாவைச் 'சேடபட்டி முத்தையா' என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட தொகுதி அவர் உயிரோடு இருந்தபோதே இல்லாமல் போனது.

ஒருவர் தொகுதி மாறினால் "தோல்விக்குப் பயந்து ஓடினார்" என்று எழுத எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதற்கு முன் அந்தத் தொகுதிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். ஓ. பன்னீர்செல்வம் 2001, 2006 தேர்தல்களில் பெரியகுளத்தில் வென்றவர். 2011 முதல் போடிநாயக்கனூர். பயம் காரணமல்ல, மறுசீரமைப்பில் பெரியகுளம் தனித் தொகுதி, அதாவது பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி, ஆகிவிட்டது. எம்.ஜி.ஆர். 1967-லும் 1971-லும் பரங்கிமலையில் வென்றார். 1977 பட்டியலில் பரங்கிமலையே இல்லை. அவர் அருப்புக்கோட்டைக்குப் போனார். பிறகு மதுரை மேற்கு, பிறகு ஆண்டிப்பட்டி.

1952, 1957 தேர்தல்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அப்போது சில தொகுதிகள் இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. 1957-இல் 167 தொகுதிகளுக்கு 205 உறுப்பினர்கள். ஆகவே, "இரண்டாம் இடம்" என்று அறிக்கையில் பார்த்து ஒருவரைத் தோற்றவர் என்று எழுதிவிடாதீர்கள். அவரும் உறுப்பினராகவே பேரவைக்குப் போயிருக்கக்கூடும்.

கட்சியும் சின்னமும்

1957 அறிக்கையில் கருணாநிதியின் பெயருக்கு எதிரே 'சுயேச்சை' என்று இருக்கும். தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய ஆண்டு அது. கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது. அன்று வென்ற 15 பேரும் அந்த அறிக்கையில் சுயேச்சைகளோடுதான் கலந்திருக்கிறார்கள். அறிக்கையை அப்படியே நகல் எடுத்தால் ஒரு கட்சியின் பிறப்பையே அழித்துவிடுவீர்கள்.

1989 ஜனவரி இன்னொரு சுழி. அ.தி.மு.க. இரண்டு அணியாகப் பிளந்திருந்ததால் அதன் சின்னமான இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. வெறுமனே 'அ.தி.மு.க.' என்று எழுதினால் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது மறைந்துவிடும். அந்தத் தேர்தலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். அணிகள் இணைந்தபின் மார்ச்சில் நடந்த மருங்காபுரி, மதுரை கிழக்கு தேர்தல்களில் இரட்டை இலை திரும்பி வந்தது.

இடைத்தேர்தல்: தாளின் வலது ஓரம்

பொதுத்தேர்தல் பட்டியலை முடித்துவிட்டு எழுந்து போகிறவர்களே அதிகம். இடைத்தேர்தலுக்கெனத் தனியாக ஒரு கட்டம் தேவை. அதற்கு முன்னால், இடம் எப்படிக் காலியானது என்று ஒரு கட்டம்: மரணம், ராஜினாமா, தகுதிநீக்கம், நீதிமன்றத் தீர்ப்பு, இரண்டு தொகுதியில் வென்று ஒன்றைக் கைவிட்டது.

இதைப் பழகிக்கொள்ள எனக்குத் தெரிந்த சிறந்த பாடம் செந்தில் பாலாஜியின் தாள். 2006, 2011 கரூர், அ.தி.மு.க. 2016 மே மாதம் அரவக்குறிச்சியில் பணப் பட்டுவாடா புகாரால் வாக்குப்பதிவே ரத்தானது. நவம்பரில் நடந்த தேர்தலில் அங்கே வென்றார். 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் ஒருவர். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்றது. 2019 மே இடைத்தேர்தலில் அதே அரவக்குறிச்சி, இம்முறை உதயசூரியன். 2021-இல் மறுபடியும் கரூர். பொதுத்தேர்தல் முடிவுகளை மட்டும் பார்க்கிறவருக்கு இதில் 2006, 2011, 2021 மூன்றுதான் தெரியும். சுவையான பகுதி முழுவதும் இடையில் கிடக்கிறது.

தொகுதி பக்கத்திலிருந்து பார்த்தால் ஈரோடு கிழக்கு. 2021-இல் வென்ற திருமகன் ஈவெரா 2023 ஜனவரியில் இறந்தார். அடுத்த மாதமே இடைத்தேர்தல்; தந்தை ஈ.வெ.கி.ச. இளங்கோவன் வந்தார். அவரும் 2024 டிசம்பரில் மறைந்தார். 2025 பிப்ரவரியில் வி.சி. சந்திரகுமார் தி.மு.க. சார்பில் வென்றார். இவர் 2011-இல் அதே தொகுதியில் தே.மு.தி.க. சார்பில் வென்றவர். ஒரே பேரவைக் காலத்தில் ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். "2021–26 உறுப்பினர் யார்?" என்று கேட்பவருக்குத் தேதி இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

எந்த முடிவுப் பட்டியலிலும் வராத நிகழ்வும் உண்டு. 2001-இல் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் கொடுத்த வேட்புமனுக்களும் நிராகரிக்கப்பட்டன. வேட்பாளர் பட்டியலில் அவர் பெயரே இருக்காது. ஆனாலும் முதல்வரானார், செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பதவி போனது, 2002-இல் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்று திரும்பினார். மனு நிராகரிப்பை அறிய அன்றைய நாளிதழ்தான் வழி. வேட்புமனுப் பரிசீலனைக்கு மறுநாள் பத்திரிகையைத் தேடி எடுங்கள்.

எண்களை எழுதும்போது

வாக்கு வித்தியாசத்தோடு வாக்கு விகிதத்தையும் எழுதுங்கள். நான்கு முனைப் போட்டியில் 20,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றவருக்கு எதிராகப் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்திருக்கலாம். டெபாசிட்டுக்கான கணக்கு எளிது: செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்குத் தொகை திரும்பாது. நோட்டாவில் விழுந்தவை அந்தச் செல்லத்தக்க வாக்குகளில் சேராது. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்ற பிறகுதான் டெபாசிட் தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000-க்கு உயர்த்தினார்கள், இப்போது 10,000. தனித்தனிச் சாவடி வாக்கு வேண்டுமென்றால் படிவம் 20-ஐக் கேளுங்கள். உள்ளூர்க் கட்டுரைக்கு அதைவிடப் பெரிய புதையல் கிடையாது. எந்தத் தெரு யாரைக் கைவிட்டது என்று அதில் தெரியும்.

மிகக் குறைந்த வித்தியாசம் என்றால் நீதிமன்றம் வரை போய்ப் பாருங்கள். 2016-இல் ராதாபுரத்தில் ஐ.எஸ். இன்பதுரை 49 வாக்கில் வென்றார், தோற்ற மு. அப்பாவு வழக்குத் தொடர்ந்தார். 2019-இல் உயர் நீதிமன்றம் சில சுற்றுகளின் வாக்குகளை மறுபடி எண்ணச் சொன்னது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அப்பாவு அங்கே வென்று பேரவைத் தலைவரானார். 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. தேர்தல் வழக்கை முடிவு வந்த 45 நாளுக்குள் போட வேண்டும் என்பதால், தேட வேண்டிய காலமும் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

'ஐந்து முறை எம்.எல்.ஏ.' என்றால் 25 ஆண்டு என்று பெருக்கிவிடுவது செய்தி மேசையின் தீராத வியாதி. 1977-இல் தேர்ந்த பேரவை 1980 பிப்ரவரியில் கலைந்தது. 1980-இல் வந்தது 1984 முடிவில் போனது. அடுத்தது 1988 ஜனவரியில், அதற்கடுத்தது 1991 ஜனவரியில். அந்த நான்கிலும் வென்றவர் பேரவையில் இருந்தது ஏறக்குறைய 12 ஆண்டுகள்தான்.

வேட்பாளர் மனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் உண்டு. தமிழக சட்டமன்றப் பொதுத்தேர்தல்களில் 2006 முதல் கிடைக்கும். ஒரே வேட்பாளரின் பத்திரங்களைத் தேர்தல் வாரியாக அடுக்கி வைத்துப் படியுங்கள். சொத்து வளர்வதைப் பார்க்க எல்லோரும் ஓடுவார்கள். வயதைப் பாருங்கள், சிலருக்கு ஐந்தாண்டில் மூன்று வயதுதான் கூடியிருக்கும்.

பேரவைக்குள் அவர் என்ன செய்தார் என்பதற்கு நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்ட வேண்டும். குறுக்குவழி வேண்டுமானால் கன்னிப்பேச்சு, மானியக் கோரிக்கை விவாதத்தில் தொகுதிக்காகக் கேட்டவை, உறுப்பினராக இருந்த குழுக்கள் ஆகிய மூன்றை மட்டும் எடுங்கள். "மக்கள் மனத்தில் நீங்கா இடம்பெற்றவர்" என்று எழுதுவதற்குப் பதிலாக, அவர் கேட்ட பாலம் வந்ததா இல்லையா என்று எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் குடும்பத்தாரிடம் காட்டுவது வழக்கம், காட்டுங்கள். அதற்கு முன் அந்தத் தொகுதியில் அவரை எதிர்த்து வேலை பார்த்த பழைய பூத் ஏஜெண்ட் ஒருவரைத் தேடிப் பிடித்துப் படித்துக் காட்டுங்கள். எந்தச் சுற்றில் முன்னிலை மாறியது, எந்த ஊர் காலை வாரியது, யார் கடைசி வாரத்தில் அணி மாறினார் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். எண்கள் வரும் இடத்தில் மட்டும் படிவத்தோடு ஒப்பிட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.