டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ: புதிதாக வருபவர்களுக்கு

டாலஸில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் ஊர் ஃபிரிஸ்கோ. டாலஸ் நகர மையத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 மைல். 1990-இல் இங்கே 6,000 பேர்தான் இருந்தார்கள். 2000-இல் அது 33,714 ஆனது, 2020 கணக்கெடுப்பில் 2,00,509. இவ்வளவு வேகமாக வளர்ந்த ஊரில் கால் வைத்ததும் நாமும் ஓடத் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் வீடு வாங்கிவிட்டார், நாம் எப்போது என்ற கேள்வி முதல் மாதமே வரும்.

வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். வீடு வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். டிரைவிங் லைசென்ஸை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அதுவும் கணவன் மனைவி இருவருக்கும்.

பஸ் இல்லாத ஊர்

ஃபிரிஸ்கோவில் நகரப் பேருந்து கிடையாது, ரயில் நிலையமும் கிடையாது. இதற்கு ஒரு காரணம் உண்டு. டெக்சாஸில் விற்பனை வரி 8.25 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. அதில் 6.25 மாநிலத்துக்கு, மீதி 2 ஊருக்கு. பக்கத்து ஊரான பிளேனோ 1980-களிலேயே டாலஸ் வட்டாரப் போக்குவரத்து அமைப்பான டார்ட்டில் சேர்ந்து, தன் பங்கில் ஒரு சதவீதத்தை அதற்குக் கொடுத்தது. ஃபிரிஸ்கோ சேரவில்லை. அந்த ஒரு சதவீதத்தை இரண்டாகப் பிரித்து, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக வளர்ச்சிக்கும் என இரண்டு கழகங்களை வைத்துக்கொண்டது. 2005-இல் கால்பந்து மைதானம், 2016-இல் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் தலைமையகம், 2022-இல் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபர்கள் சங்கமான பி.ஜி.ஏ.வின் தலைமையகம் என்று ஒவ்வொன்றாக இங்கே வந்ததற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். ரயிலில் போக வேண்டுமானால் பிளேனோவின் பார்க்கர் ரோடு நிலையம் வரை காரில் போய் அங்கிருந்து ஏறலாம்.

ஊரின் கணக்கில் இது லாபமாக இருக்கலாம். ஆனால் வேலை விசாவில் வந்தவரின் துணைக்கான எச்-4 விசாவில் வந்து பகல் முழுக்க வீட்டில் இருக்கும் ஒருவருக்கு இதன் அர்த்தம் வேறு. கடைக்குப் போக, குழந்தையை டாக்டரிடம் காட்ட, ஒரு மனிதரைப் பார்த்துப் பேச எல்லாவற்றுக்கும் சாயங்காலம் இன்னொருவர் வந்து கூட்டிப்போகக் காத்திருக்க வேண்டும். நன்றாகப் படித்து, ஊரில் நல்ல வேலையில் இருந்த பெண்கள் இங்கே வந்து முதல் வருடம் முழுக்க அப்பார்ட்மெண்ட் பால்கனியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காகத் திறங்கள். லைசென்ஸ் அலுவலகமான டி.பி.எஸ்.ஸில் முகவரிக்கு இரண்டு சான்று கேட்பார்கள். எல்லாமே கணவர் பெயரில் இருந்தால் மனைவி கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. டெக்சாஸுக்கு வந்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக 30 நாள் சும்மா இருக்காதீர்கள். வந்த வாரமே இணையத்தில் அப்பாயிண்ட்மெண்ட் எடுத்துவிடுங்கள், கூட்டம் அதிகம். பாஸ்போர்ட், விசா, எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பிரிண்ட் மூன்றும் வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எழுத்துத் தேர்வில் 30 கேள்வி, 21 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஓட்டும் தேர்வில் பாரலல் பார்க்கிங் உண்டு, அதைத்தான் நன்றாகப் பழக வேண்டும். அந்தத் தேர்வை மாநில அனுமதி பெற்ற தனியார் டிரைவிங் ஸ்கூல்களிலேயே கொடுக்கலாம், தேதி சீக்கிரம் கிடைக்கும். இந்திய லைசென்ஸை வைத்து 90 நாள் வரை ஓட்டலாம். இங்கே கொடுக்கும் லைசென்ஸ் நம் ஐ-94 தேதியோடு முடியும் என்பதால் விசா நீட்டிக்கும்போதெல்லாம் இதையும் புதுப்பிக்க வேண்டும்.

கார் வந்ததும் டோல் டேக் வாங்குங்கள். டாலஸ் நார்த் டோல்வேயிலும் 121 டோல் சாலையிலும் காசு வாங்க ஆளே கிடையாது. டேக் இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக் கூடுதல் கட்டணத்தோடு பில் அனுப்புவார்கள்.

கரண்ட் கம்பெனியை நாமே தேர்ந்தெடுப்பது

டெக்சாஸில் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் யாரிடம் வாங்குவது என்பது நம் விருப்பம். 'பவர் டு சூஸ்' என்ற அரசுத் தளத்தில் எல்லாத் திட்டங்களும் இருக்கும். அங்கே முதலில் தெரியும் மலிவான விலையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த விலை பெரும்பாலும் சரியாக 1,000 யூனிட்டுக்கு மட்டும். மாதம் 1,000 யூனிட்டைத் தொட்டால்தான் கழிவு கொடுப்பார்கள். 950 யூனிட் ஓடியிருந்தால் கழிவு போய்விடும், பில் 1,000 யூனிட்டுக்கு வருவதைவிட அதிகமாகவே வரும். ஒவ்வொரு திட்டத்துக்கும் எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள் என்று ஒரு தாள் உண்டு. அதில் 500, 1,000, 2,000 யூனிட்டுக்கான விலையைப் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் எடுக்கலாம். ஃபிரிஸ்கோவின் சில பகுதிகளில் கோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு மட்டும்தான், அங்கே இந்தத் தலைவலி இல்லை.

முகவரியும் பள்ளியும்

தபால் முகவரியில் ஃபிரிஸ்கோ என்று இருப்பதால் பிள்ளைக்கு ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. (ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம்) பள்ளி கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஊரின் சில பகுதிகள் லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் பள்ளி மாவட்டங்களில் வருகின்றன. மறுபக்கம், பிளேனோ, மெக்கின்னி முகவரி உள்ள சில வீடுகள் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தக் கதவு எண்ணையே பள்ளி மாவட்டத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் 1 அன்று 5 வயது முடிந்திருந்தால் கிண்டர்கார்டன். தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்தே கையோடு கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் போட்ட ஊசியையே திரும்பப் போட வேண்டிவரும்.

வீடு வாங்க ஏன் பொறுக்க வேண்டும்

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அதை ஈடுகட்டுவது சொத்து வரி. ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் பெரும்பாலும் 1.5 முதல் 2 சதவீதம் வரை வரும், எம்.யு.டி. எனப்படும் தண்ணீர், சாக்கடை வசதிக்கான தனி வரி உள்ள புதுப் பகுதிகளில் அதற்கும் மேல். 6 லட்சம் டாலர் வீடு என்றால், 2 சதவீதக் கணக்கில், கடன் தவணை போக மாதம் ஆயிரம் டாலர் வரிக்கே போகும். பில்டரின் விளம்பரத் தாளில் இந்த எண் பெரிதாகத் தெரியாது. வாங்கியபின், நாமே குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகையான ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள். லைசென்ஸில் அதே முகவரி இருக்க வேண்டும். அது கிடைத்தால் வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது.

அடுத்தது மண். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொன்னதும் புரியும், இங்கே இருப்பதும் கரிசல் மண்தான். மழையில் உப்பிப் பெருகும், ஜூலை ஆகஸ்டில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காயும்போது வெடிக்கும். அப்போது வீட்டின் ஃபவுண்டேஷன் அசைந்து சுவரில் விரிசல் விழும், கதவு மூடாது. அதனால்தான் கோடையில் இங்கே சுவரை ஒட்டிச் சொட்டுக் குழாய் போட்டு மண்ணை ஈரமாக வைத்திருக்கிறார்கள். வீடு பார்க்கும்போது ஜன்னல் மூலைகளைப் பாருங்கள், கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பாருங்கள்.

வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழை. கூரைக் காப்பீட்டில் டிடக்டிபிள், அதாவது நாம் போட வேண்டிய பங்கு, பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம் என்று இருக்கும். 5 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 10,000 டாலர் நம் கையிலிருந்து. மழை விட்ட மறுநாள் கூரைக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். "டிடக்டிபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள், டெக்சாஸில் அது சட்டவிரோதம்.

அப்புறம், ஊரே வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. 380 நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பிராஸ்பரும் செலினாவும் வளர்கின்றன. 2023 மதிப்பீட்டில், 20,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களில் அமெரிக்காவிலேயே வேகமாக வளர்ந்தது செலினா. அங்கே பெரிய வீடு குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஆனால் காலை எட்டு மணிக்கு 380-இல் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். வேலையும் விசாவும் எப்படிப் போகின்றன என்று தெரிய ஒரு வருட வாடகை அதிக விலை இல்லை.

இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்

கடைகள் வரிசையில் "எமர்ஜென்சி" என்று சிவப்பு எழுத்தில் மின்னும் கட்டடங்கள் நிறையப் பார்ப்பீர்கள். பக்கத்திலேயே "அர்ஜென்ட் கேர்" என்று ஒன்று இருக்கும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது மருத்துவமனை எமர்ஜென்சி கட்டணம் வாங்கும் இடம், ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கு ஆயிரக்கணக்கில் பில் வரலாம். அந்தக் கட்டணம் வாங்குவோம் என்று உள்ளே அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள், பதற்றத்தில் யாரும் படிப்பதில்லை. மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் யோசிக்காமல் 911. மற்றதற்கு, காப்பீட்டு அட்டையின் பின்புறமுள்ள நர்ஸ் லைன் எண்ணை அழைத்து எங்கே போகலாம் என்று கேளுங்கள். வந்ததுமே ஒரு குழந்தை மருத்துவரிடம் பதிவு செய்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

ஆட்கள்

மெட்ரோப்ளெக்ஸ் தமிழ்ச் சங்கம் டாலஸ் வட்டாரம் முழுவதற்குமானது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் சுற்றுவட்டாரத்தில் பல உண்டு, ஆகஸ்டுக்குள் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. ஃபிரிஸ்கோவின் காரிய சித்தி ஹனுமான் கோயிலில் சனிக்கிழமை நின்றால் யாராவது தமிழில் பேசிவிடுவார்கள்.

ஆனால் நான் முதலில் அனுப்புவது நூலகத்துக்கு. ராக்கெட் நிறுவனம் ஒன்று விட்டுப்போன கட்டடத்தைப் புதுப்பித்து 2023-இல் திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் டைனோசர் எலும்புக்கூட்டின் மாதிரி ஒன்று இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும், பிள்ளைகள் அதன் காலடியை விட்டு நகரமாட்டார்கள். இந்த ஊரில் குடியிருந்தால் உறுப்பினர் அட்டை இலவசம். சிறு குழந்தைகளுக்கான கதை நேரத்துக்கு வார நாள் காலையில் போனால், அங்கே வரும் தாய்மார்களில் பாதிப் பேர் உங்களைப்போல் புதிதாக வந்தவர்களாகவே இருப்பார்கள். முகவரிச் சான்றுக்கு அந்த வாடகை ஒப்பந்தத்தையே எடுத்துப்போங்கள்.