தனக்கென ஒரு விக்கி: ஒற்றைக் கோப்பில் தமிழ்க் குறிப்பேடு அமைக்கும் முறை

போர்வெல் மோட்டார் தண்ணீரை ஏற்றாமல் வெறுமனே உறுமுகிறது. காரணம் என்னவென்று தேடி ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். குக்கீகளுக்கு ஒப்புதல் கேட்கும் பெட்டி ஒன்று வந்து பாதித் திரையை மறைக்கிறது. அதை மூடினால், அறிவிப்புகளை அனுப்பலாமா என்ற கேள்வி வருகிறது. அதையும் மறுத்த பிறகு, ஓரத்தில் ஒரு காணொளி தானாக ஓடத் தொடங்குகிறது. படித்துக்கொண்டிருந்த வரியோ, மேலே ஒரு விளம்பரம் தாமதமாக வந்து இடம்பிடித்ததால், கண்ணெதிரே கீழே நழுவிப் போகிறது. கெபாசிட்டர் பழுதாகியிருக்கலாம் என்ற நான்கு வரித் தகவலைப் பெற இத்தனையையும் கடக்க வேண்டியிருக்கிறது. ஓராண்டு கழித்து அதே சிக்கல் வரும்போது அந்தப் பக்கம் அதே முகவரியில் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

இது தற்செயலாக நேர்வதல்ல. படிப்பவருக்கு விடை கிடைத்ததா என்பதை விட்டுவிட்டு, அவர் எவ்வளவு நேரம் தங்கினார், எத்தனை விளம்பரங்கள் அவர் கண்ணில் பட்டன என்பதை மட்டுமே கணக்கிட்டு வடிவமைக்கும்போது பக்கங்கள் இப்படித்தான் அமையும். இணையப் பக்கங்களைத் தொடர்ந்து அளந்துவரும் ஹெச்டிடிபி ஆர்க்கைவின் கணக்கில், நடுத்தரமான ஒரு பக்கத்தின் எடை 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. தமிழில் 300 சொற்களில் எழுதிய ஒரு குறிப்புக்கு ஏறத்தாழ 8 அல்லது 9 கிலோபைட் போதும். அப்படியென்றால், ஒரே ஒரு பக்கத்தைத் திறப்பதற்கு ஆகும் தரவில் இருநூறுக்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்துக்கொள்ளலாம்.

பிறருடைய தளத்தின் வடிவமைப்பை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் அங்கு படித்ததில் நமக்கு வேண்டியதை நம் சொற்களில் எழுதி, நமக்கு ஏற்ற வடிவில், நம் கணினியிலேயே வைத்துக்கொள்ள இயலும். அதற்கு மிகப் பொருத்தமான வடிவம், ஒன்றோடொன்று இணைத்த பக்கங்களின் தொகுப்பான விக்கி என்பதே என் உறுதியான கருத்து. வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை இணையத்தில் இட்டபோது, நிரலாளர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதே நோக்கமாக இருந்தது. அதன் உயிர்நாடியான இரண்டு ஏற்பாடுகள், ஒருவர் மட்டும் எழுதும் விக்கிக்கும் அப்படியே பொருந்துகின்றன. எந்தப் பக்கத்தையும் படிக்கும் இடத்திலேயே திருத்தலாம் என்பது ஒன்று. இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கும் இப்போதே இணைப்புக் கொடுத்துவைக்கலாம் என்பது மற்றொன்று.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

விக்கி மென்பொருள்களில் ஒன்றான டோக்குவிக்கி குறிப்புகளை வெறும் உரைக் கோப்புகளாக வைத்துக்கொள்கிறது என்றாலும், அதை இயக்க பிஹெச்பி என்ற நிரல்மொழி உள்ள வழங்கி (பக்கங்களை அனுப்பித் தரும் கணினி) வேண்டும். அப்சிடியன் என்ற குறிப்புச் செயலி ஒரு கோப்புறையில் மார்க்டவுன் கோப்புகளை, அதாவது எளிய குறிகள் இட்ட உரைக் கோப்புகளை, சேர்த்துவைக்கும். அதுவும் நல்ல வழியே. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது, ஜெரமி ரஸ்டன் 2004-இல் வெளியிட்டு இன்றுவரை வளர்ந்துவரும் டிட்லிவிக்கியைத்தான். எழுதும் நிரல், தேடும் நிரல், நீங்கள் எழுதிய குறிப்புகள் ஆகிய எல்லாமே சுமார் 2.5 மெகாபைட்டில் தொடங்கும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்புக்குள் அடங்கிவிடுகின்றன. கணக்குத் தொடங்கவோ கட்டணம் செலுத்தவோ தேவையில்லை. இணைய இணைப்பு இல்லாதபோதும் எந்த உலாவியிலும் அது திறக்கும். எல்லாவற்றையும்விட, நீங்களாகப் புதிய பதிப்புக்கு மாறாத வரையில் அதன் தோற்றத்தை வேறு எவரும் மாற்ற மாட்டார்கள்.

டிட்லிவிக்கியின் தளத்திலிருந்து வெற்றுக் கோப்பைப் பதிவிறக்கி, உங்களுக்குப் புரியும் பெயரிட்டு, தனியொரு கோப்புறையில் வையுங்கள். சேமிப்பதுதான் இதில் புதியவர்களைத் தடுமாற வைக்கும் இடம் என்பதால், எழுதத் தொடங்கும் முன்பே அதை ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும். பாதுகாப்புக் கருதி உலாவி ஒரு பக்கத்தைத் தன்னைத்தானே வட்டில் எழுதிக்கொள்ள விடுவதில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புதிய பிரதி ஒன்று பதிவிறக்கக் கோப்புறைக்குப் போய்ச் சேரும். எங்கே சேமிப்பது என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்படி உலாவியின் அமைப்பை மாற்றிவிட்டு, பழைய கோப்பின் மீதே எழுதச் சொல்வது ஒரு வழி. டிட்லிடெஸ்க்டாப் என்ற செயலியை நிறுவி அதில் கோப்பைத் திறப்பது இன்னும் நல்ல வழி. அது நேரடியாகச் சேமிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் இதே வேலையை டிட்லாய்டு செயலி செய்கிறது. வலப்பக்கப் பட்டையில் உள்ள சரிக்குறிப் பொத்தான் சிவப்பாக இருந்தால், சேமிக்காத மாற்றம் இருக்கிறது என்று பொருள். சிவப்பு மறையாமல் சாளரத்தை மூடாதீர்கள்.

முதல் குறிப்பு

கூட்டல் குறியை அழுத்தினால் புதிய குறிப்புக்கான பெட்டி திறக்கும். தலைப்பு, குறிச்சொல், உரை ஆகிய மூன்றும் போதும். ‘போர்வெல் மோட்டார்’ என்று தலைப்பிட்ட குறிப்பு இப்படி இருக்கலாம்:

“1 எச்.பி., சிங்கிள் ஃபேஸ். ஸ்டார்ட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே உள்ளது. உறுமிவிட்டு நின்றால் முதலில் [[கெபாசிட்டர்]] பார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்து காற்று வந்தால் [[நிலத்தடி நீர்மட்டம்]] குறிப்பில் சென்ற கோடையின் அளவைப் பார்க்கவும். கழற்றி ஏற்றியவரின் எண் [[மின்பணியாளர்கள்]] பக்கத்தில் உள்ளது.”

இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டவை இணைப்புகளாக மாறிவிடும். இவற்றில் ‘கெபாசிட்டர்’ குறிப்பை நீங்கள் இன்னும் எழுதவில்லை என்றால், அந்த இணைப்பு சாய்வெழுத்தில் தோன்றும். அதைச் சொடுக்கி அங்கேயே எழுதத் தொடங்கலாம், அல்லது அப்படியே விட்டுவைக்கலாம். எழுதப்படாத தலைப்புகளை எல்லாம் பக்கப் பட்டையில் ‘மோர்’ என்பதன் கீழ் ‘மிஸ்ஸிங்’ என்ற பட்டியலில் விக்கியே சேர்த்துக் காட்டும். வேறு எங்கிருந்தும் இணைப்புப் பெறாத குறிப்புகளை அதே இடத்தில் ‘ஆர்ஃபன்ஸ்’ என்ற பட்டியல் காட்டும். வாரம் ஒரு முறை இந்த இரண்டையும் பார்த்துவந்தாலே குறிப்பேடு தானாகக் கோத்துக்கொண்டுவிடும். தொடக்கத்திலேயே பெரிய வகைப்பாட்டுத் திட்டம் வகுப்பதை நான் ஆதரிப்பதில்லை. இணைப்புகள் போதுமான அளவுக்குப் பெருகிய பிறகு எந்தத் தலைப்புகள் நடுநாயகமாக நிற்கின்றன என்பது தெரியவரும். குறிச்சொற்களை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் படித்ததைக் குறிப்பாக்கும்போது முழுப் பக்கத்தையும் ஒட்டிவிடக் கூடாது. உலாவியின் வாசிப்பு முகப்பில் அதைத் திறந்தால் விளம்பரங்களும் மிதக்கும் பெட்டிகளும் பெரும்பாலும் நீங்கிவிடும். அதைப் படித்துப் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் எழுதி, முகவரியையும் படித்த நாளையும் கீழே சேருங்கள். அந்தப் பக்கம் நாளை மறைந்துபோனாலும் உங்களுக்குத் தேவையான பகுதி உங்களிடம் இருக்கும்.

தமிழில் கவனிக்க வேண்டியவை

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் சில செய்திகள் தமிழில் எழுதுபவருக்கு மிக முக்கியமானவை. முதலாவது, வேற்றுமை உருபு. நம் வாக்கியங்களில் ‘மோட்டார்’ என்று தனியாக வரும் இடங்களைவிட ‘மோட்டாரை’, ‘மோட்டாருக்கு’, ‘மோட்டாரின்’ என்று வரும் இடங்கள் அதிகம். இப்படி ஒவ்வொரு வடிவத்தையும் அடைப்புக்குள் இட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம் கேட்கும். எனவே தலைப்புகளை எப்போதும் உருபேற்காத வடிவத்தில் வைத்து, வாக்கியத்துக்குள் [[மோட்டாரை|போர்வெல் மோட்டார்]] என்று எழுத வேண்டும். நெடுங்கோட்டுக்கு முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும் சொல், பின்னால் இருப்பது போய்ச் சேரும் பக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர்கள் இதைச் சற்று உற்றுக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அங்கே இந்த வரிசை நேர்மாறானது.

தேடலுக்கும் இது பொருந்தும். தேடுபெட்டி இலக்கணம் அறியாது. இட்ட எழுத்துகளை அதே வரிசையில்தான் தேடும். ‘மோட்டார்’ என்று புள்ளியோடு இட்டால் ‘மோட்டாரை’ கிடைக்காது, ஏனென்றால் எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் முறையான யூனிகோடில் புள்ளி ஒரு தனிக் குறியீடு. ‘மோட்டாரை’ என்பதில் அந்த இடத்தில் ஐகாரக் குறி இருக்கிறது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘மோட்டார’ என்று தேடினால் எல்லா வடிவங்களும் கிடைத்துவிடும். மகர மெய்யில் முடியும் சொற்களில் அந்த மெய்யையும் விட்டுவிட வேண்டும்: ‘தோட்ட’ என்று தேடினால் ‘தோட்டம்’, ‘தோட்டத்தில்’, ‘தோட்டங்கள்’ ஆகிய மூன்றும் வரும். இந்தச் சிறு பழக்கம் இல்லாமல், எழுதிவைத்ததே காணாமல் போய்விட்டது என்று எண்ணிக் குறிப்பேட்டையே கைவிடுபவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்ற இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘கௌ’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெள’ என்று தட்டச்சு செய்வதும் பரவலாக இருக்கிறது. பிடிஎஃப் கோப்புகளிலிருந்தும் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளிலிருந்தும் நகலெடுக்கும்போது இத்தகைய வேறுபாடுகள் நுழைந்துவிடுகின்றன. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் குறிப்புக்கான இணைப்பு சாய்வெழுத்தில் தோன்றினால் பெரும்பாலும் இதுவே காரணம், அல்லது இறுதியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். தலைப்புகளை மட்டுமாவது ஒட்டாமல் கையால் தட்டச்சு செய்துவந்தால் இந்தத் தொல்லை வராது.

தோற்றத்தைப் பொறுத்தவரை, இன்றைய தளங்கள் பலவற்றில் தமிழ் எழுத்து வெளிறிய சாம்பல் நிறத்தில், நெருக்கிய வரிகளில் வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மேலே இகரக் கொக்கியும் கீழே உகரச் சுழியும் கொண்ட எழுத்துகளுக்கு, ஆங்கிலத்துக்கென வகுத்த வரி இடைவெளி போதாது. டிட்லிவிக்கியின் இயல்பான அமைப்பில் உரையின் எழுத்து 15 பிக்சலும் வரி உயரம் 22 பிக்சலும் ஆகும். கட்டுப்பாட்டுப் பலகத்தில் தோற்றம் பற்றிய பகுதிக்குச் சென்று அவற்றை 18, 30 என்று மாற்றுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் நெறிகள் கூறுகின்றன; வெள்ளையில் கருப்பு இருக்கும்போது அதைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

பாதுகாத்தலும் வெளியிடுதலும்

எல்லாம் ஒரே கோப்பில் இருப்பதால், அந்தக் கோப்பு கெட்டால் எல்லாம் போய்விடும். மாதம் ஒரு முறை தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு பிரதி எடுத்து, பென்டிரைவிலும் வேறொரு கணினியிலும் வையுங்கள். அந்தப் பிரதி உண்மையில் திறக்கிறதா என்று பார்ப்பதும் இந்த வேலையில் அடங்கும். படங்களைக் கோப்புக்குள் செருகினால் அளவு விரைவில் பெருத்துவிடும்; அவற்றைப் பக்கத்தில் ஒரு கோப்புறையில் வைத்துச் சுட்டுவதே முறை. கைபேசி, கணினி இரண்டிலும் ஒரே கோப்பைத் திறந்துவைத்து எழுதினால் பின்னால் சேமித்தது முன்னதை அழித்துவிடும் என்பதால், எழுதுவதற்கு ஒரு கருவி, படிப்பதற்கு மட்டும் மற்றொன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சில குறிப்புகளைப் பிறரும் படிக்கட்டும் என்று நினைத்தால், முழுக் கோப்பையும் அப்படியே இணையத்தில் ஏற்றாதீர்கள். உங்கள் தனிப்பட்ட செய்திகள் வெளியே போய்விடும். வாசகர் மீதும் 2.5 மெகாபைட்டைச் சுமத்தியவர் ஆவீர்கள். டிட்லிவிக்கியின், கட்டளைகளால் கணினியில் இயங்கும் நோட் ஜேஎஸ் பதிப்பைக் கொண்டு, தேர்ந்தெடுத்த குறிப்புகளை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தேவைப்படாத எளிய ஹெச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி ஏற்றலாம். எழுத்துரு எதையும் உடன் அனுப்ப வேண்டாம். இன்றைய கைபேசிகளிலும் கணினிகளிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. பக்கங்களின் தலைப்பு தமிழில் இருக்கட்டும், கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக வையுங்கள். ‘தமிழ்’ என்ற ஒரு சொல் யூனிகோடில் 5 குறியீடுகள், சேமிப்பில் 15 பைட்டுகள். அதையே இணைய முகவரியாக நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த 45 எழுத்துகளாக நீண்டுவிடும்.