சாஸ்தா கோயிலுக்குப் போகும்போது நாயை எங்கே விடுவது?

குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிடப் போகிற பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் எனக்கு போன் வரத் தொடங்கும். "அண்ணாச்சி, சாஸ்தா கோயிலுக்குப் போறோம், ரெண்டு நாள் டைகரை வச்சுக்கிடுவியளா?" பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரமும் நாலு தென்னையும் நிற்கிற தோட்டத்தில், பத்து வருடமாக அடுத்தவர் வீட்டு நாய்களை வைத்துப் பார்த்து அனுப்புகிறேன். ஒரு நேரத்துக்கு 4 நாய்க்கு மேல் எடுப்பதில்லை. கடைசி நேரத்தில் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு, இடம் இருந்தாலும்கூட, முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்கு ஊசி போட்டிருக்காது, தனியாக இருந்து பழக்கம் இருக்காது, வீட்டு ஆளைத் தவிர வேறு கையால் சாப்பிட்டிருக்காது. அப்படி வருகிற நாய் இரண்டு நாளும் கேட்டைப் பார்த்து ஊளையிடும். பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு அது கேட்காது, என் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கேட்கும்.

அதனால் ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதலில் ஊசி. வெறிநோய்க்கு ஒன்று, டிஸ்டெம்பர், பார்வோ என்கிற வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்ந்த கூட்டு ஊசி ஒன்று, பல நாய்கள் சேர்ந்து இருக்கிற இடம் என்றால் கென்னல் காஃப் என்கிற தொற்று இருமலுக்கும் போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். போட்ட ஊசி உடம்பில் பிடிக்க 2 வாரமாவது வேண்டும், முந்தின நாள் போட்டுவிட்டு அட்டையில் மை காயாமல் கொண்டுவந்து நீட்டுவதில் பிரயோசனம் இல்லை. 4 மாதம் ஆகாத, கூட்டு ஊசி வரிசை முடியாத குட்டியை நான் எடுப்பதே இல்லை. பார்வோ ஒரு தடவை தோட்டத்துக்குள் வந்துவிட்டால் மாதக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். பக்கத்தில் நல்ல டாக்டர் அமையவில்லை என்றால் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டலாம்.

அப்புறம் உண்ணி. இதில் நானே ஒரு முறை ஏமாந்தேன். தெரிந்தவர் நாய்தானே என்று காதைப் புரட்டிப் பார்க்காமல் உள்ளே விட்டேன், மூன்றாம் வாரம் தோட்டத்துச் சுவர் வெடிப்பில் எல்லாம் மிளகு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. இப்போது யார் வந்தாலும் கேட்டிலேயே காது மடல், விரல் இடுக்கு, வால் அடி மூன்றையும் பார்த்த பிறகுதான் கயிற்றை வாங்குகிறேன். உண்ணி மருந்தைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது கொடுத்துவிடுங்கள், நாயின் எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு.

இனி பழக்குவதற்கு வருவோம். நாய் தங்கப் போகிற இடத்தில் யாரோ பழக்கிக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே இரண்டு விஷயம் பழக்கினால் போதும், மற்றதை நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.

ஒன்று, தனியாக இருப்பது. நாயை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள், ஒரே ஒரு நிமிடம். கத்த ஆரம்பிப்பதற்கு முன்பே உள்ளே போய்விடுங்கள். கத்தும்போது திறந்தால், கத்தினால் கதவு திறக்கும் என்பதைத்தான் அது படித்துக்கொள்ளும். அப்புறம் 5 நிமிடம், கால் மணி, அரை மணி என்று கூட்டிக்கொண்டே போங்கள். இன்னொரு காரியமும் செய்யுங்கள். நீங்கள் சாவியை எடுத்தாலே, செருப்பை மாட்டினாலே நாய்க்கு வயிற்றைக் கலக்கும். அதனால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டுப் பேசாமல் டிவி முன்னால் உட்காருங்கள். ஒரு வாரத்தில் சாவிச் சத்தத்துக்கு அது தலையைக்கூடத் தூக்காது.

இரண்டாவது, சாக்கு. ஆமாம், சாதாரணக் கோணிச்சாக்கு. பழைய போர்வையாக இருந்தாலும் சரி. அதை நாலாக மடித்துக் கூடத்து மூலையில் போடுங்கள். வேகவைத்த கோழி ஈரலைப் பொரிகடலை அளவுக்கு நறுக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நாய் பசியாக இருக்கிற நேரமாகப் பார்த்து. அது சாக்கில் ஒரு கால் வைத்த அந்த நொடியே ஒரு துண்டு. மூன்று நொடி தாமதித்தால் அதற்குள் அது ஜன்னலில் காக்காயைப் பார்த்திருக்கும், காக்காயைப் பார்த்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். நாலு காலும் வைத்தால் இன்னொன்று. படுத்தால் மூன்று துண்டு, ஒவ்வொன்றாக, அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் வையுங்கள், எழுந்துவந்து கையில் வாங்கவிடாதீர்கள். அது தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் "சாக்குக்குப் போ" என்ற வார்த்தையைச் சேர்க்க வேண்டும், நம் ஆட்கள் முதல் நாளே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அதைத் தேய்த்துவிடுவார்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பதினைந்து நாளில் சாக்கை எங்கே விரித்தாலும் போய்ப் படுக்கும். அந்தச் சாக்குதான் எனக்கு வேண்டும். என் தோட்டத்தில் அதை விரித்தால், உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு துண்டு என் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்ட மாதிரி நாய் போய்ச் சுருண்டுகொள்ளும்.

வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வீட்டில் உள்ளபடி சொல்கிற வார்த்தைகளை. வள்ளியூர்ப் பக்கமிருந்து ஒரு லாப்ரடார் வந்தது. கொண்டுவந்த பையன், "சிட், ஸ்டே, கம் எல்லாம் கேட்கும் அண்ணாச்சி" என்றான். நான் கால் மணி நேரம் சிட் சிட் என்று சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி அது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. சாயங்காலம் அந்த வீட்டுத் தாத்தா போன் பண்ணினார், ஸ்பீக்கரில் போட்டேன். "ஏலே, உக்காருலே" என்றார். பொத்தென்று உட்கார்ந்தது. வீட்டில் அதற்குச் சோறு வைப்பதும் நடக்கக் கூட்டிப்போவதும் தாத்தா, பையன் யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொடுத்ததை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் அந்த போனால் இன்னொன்றும் நடந்தது. தாத்தா குரல் எங்கிருந்து வந்தது என்று ஒரு மணி நேரம் கட்டிலுக்கு அடியிலும் கேட்டுக்கு வெளியிலும் தேடிக்கொண்டே இருந்தது, ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. அன்றிலிருந்து வீடியோ கால் கேட்கிறவர்களுக்குப் போட்டோ மட்டும்தான் அனுப்புகிறேன். உங்கள் ஆசைதான் அதில் தீரும், நாய்க்கு ஏக்கம் கூடும்.

ஒரு மாதம் தங்கவைத்து முழுப் பயிற்சியும் கொடுத்துத் திருப்பித் தருகிறோம் என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. வெளிநாடு போகிறவர்களுக்கு வசதிதான். நானும் என் சொந்த நாயை ஒரு காலத்தில் அப்படி ஓரிடத்தில் விட்டேன். திரும்ப அழைக்கப் போனபோது அங்கிருந்த பையன் விரலைத் தூக்கினால் சிலை மாதிரி உட்கார்ந்தது, எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து என் மனைவி சொன்னால் வாலை ஆட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனது. கயிறு யார் கையில் இருந்ததோ அவர் பேச்சைத்தான் நாய் படித்திருக்கிறது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பு இரண்டு கேள்வி கேளுங்கள்: நடுவில் ஒரு நாள் வந்து பயிற்சியைப் பார்க்கலாமா, முடிவில் எங்களுக்கும் இரண்டு மூன்று நாள் உட்காரவைத்துச் சொல்லித் தருவீர்களா? இரண்டில் எதற்கு மழுப்பினாலும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே இருக்கிற நாய்களையும் கவனியுங்கள், பயிற்சியாளர் பக்கத்தில் வரும்போது வால் மேலே இருக்கிறதா, கால் இடுக்கில் போகிறதா என்று.

இடம் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள், மத்தியானம் 2 மணிக்குப் போங்கள், அதுவும் நம் ஊர் மே மாதத்தில். தகரக் கூரையோ சிமென்ட் ஷீட்டோ போட்ட கூண்டு அந்த நேரத்தில் அடுப்பு மாதிரி இருக்கும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும், பக் மாதிரி மூக்கு சப்பையான ஜாதிக்கு அதுவும் சிரமம். ஓலைக் கூரை, மர நிழல், மண் தரை, இரண்டு இடத்தில் தண்ணீர், இதெல்லாம் இருந்தால் ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நடக்கக் கூட்டிப்போவது விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தானா என்று கேளுங்கள். தார் ரோட்டில் புறங்கையை 5 நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அங்கே வெந்துபோகும். நாயின் உடம்புச் சூடு 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்புதான், 104-ஐத் தாண்டி நாக்கு தொங்கித் தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை மேலெல்லாம் ஊற்றி, மின்விசிறி போட்டு, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். இதைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தெரியுமா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்.

ராத்திரி அங்கே ஆள் தங்குகிறதா? மழைக்கு என்ன ஏற்பாடு? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது என்னிடம் மூன்று நாய் இருந்தன. மூன்றையும் மொட்டைமாடிப் படிக்கட்டு அறையில் ஏற்றிவிட்டுச் சாமான்களை அப்புறம்தான் பார்த்தேன். சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போய்விடுகிற இடமென்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் யோசித்துத்தான் விட வேண்டும். பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழா எப்போது என்பதையும் கேட்டுவிடுங்கள், வேட்டுச் சத்தத்துக்கு ஆறடிச் சுவரைத் தாண்டின நாயை நான் பார்த்திருக்கிறேன். பெட்டை நாய் பருவத்துக்கு வருகிற சமயமென்றால் மறைக்காமல் சொல்லுங்கள், தயவுசெய்து.

நம் பக்கத்து வேட்டை நாய்களான சிப்பிப்பாறை, கன்னி வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றுக்குத் தலை ஒடுக்கம், பின்னால் ஓரடி வைத்துத் தலையை உருவினால் சாதாரண பெல்ட் கையோடு வந்துவிடும், அப்புறம் ஓடுகிற அணிலுக்குப் பின்னால் போன நாயைத் தாழையூத்தில்தான் தேட வேண்டும். மார்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் போட்டுக் கொண்டுவாருங்கள், கழுத்து பெல்ட்டும் சேர்த்து. விலா தெரிவது அவற்றின் உடல்வாகு, பட்டினி போட்டோம் என்று திரும்பி வந்து சண்டை போடாதீர்கள். முழு வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சந்தேகம் இருந்தால் முன்பே சொன்னால் கைச் சைகையிலேயே பழகிக்கொள்வோம்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே அளந்து கொடுத்தனுப்புங்கள். புது இடம், புது ஆள், புதுச் சாப்பாடு மூன்றும் ஒரே நாளில் வந்தால் வயிறு போகும். தயிர்சோறு தின்று பழகின நாய்க்குத் தயிர்சோறு, பாக்கெட் தீனி என்றால் அதே பாக்கெட். சிலர் நாயோடு எனக்கு ஒரு கிலோ அல்வாவும் வாங்கி வருகிறார்கள், சந்தோஷம், ஆனால் அதற்கும் கொஞ்சம் வையுங்கள் என்கிறார்கள். அந்த நெய்யும் சீனியும் நாய்க்கு ஆகாது, கணையம் வீங்கிப் படுத்துவிடும், நான் அதற்கு அல்வா கொடுக்க மாட்டேன். திராட்சை, சாக்லேட், வெங்காயம், வேகவைத்த எலும்பு எதுவும் வேண்டாம். காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலைக் கொடுத்துவிடச் சொல்கிறவர்களும் உண்டு, கூடவே கூடாது. மருந்து எதுவாக இருந்தாலும் அதன் டாக்டர் எண்ணோடு எழுதித் தாருங்கள், உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்பதையும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு ராத்திரி கொண்டுவந்து விடுங்கள். மறுநாள் காலையில் வந்து அழைத்துப் போங்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதை நாய் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு ராத்திரிக்கு யாரும் ஒத்துக்கொள்வதில்லை, இதைவிடப் பலன் தருகிற வேறு வேலையும் இல்லை.

விடுகிற அன்றைக்குக் காரில் வருவதென்றால் மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். சாக்கு, துவைக்காத லுங்கியோ சேலையோ ஒன்று, சாப்பாடு, அட்டை, தாள். கயிற்றைக் கொடுத்தீர்களா, போய்க்கொண்டே இருங்கள். கட்டிப்பிடித்து அழுதால் என்னவோ நடக்கப் போகிறது என்று அது பயப்படும். முதல் நாள் சாப்பிடாது, லுங்கியில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்துப் படுத்திருக்கும், நானும் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் இரண்டாம் நாள் காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். தண்ணீரே குடிக்கவில்லை, வாந்தி, ரத்தப்போக்கு என்றால்தான் கவலை, அதற்கு நான் காத்திருக்க மாட்டேன்.

திரும்ப அழைத்துப் போனதும் ஒன்றிரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருக்கும், விட்டுவிடுங்கள். மூன்று வாரம் வரை ஒரு கண் வைத்திருங்கள். இருமல் என்றால் கென்னல் காஃபாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்; சோர்வு, வெளுத்த ஈறு, கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம் என்று ஏதாவது தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போங்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாக்கை மட்டும் துவைத்துவிட வேண்டாம். நன்றாக உதறி நாள் முழுக்க வெயிலில் போட்டு எடுத்துப் பழைய மூலையிலேயே விரியுங்கள், ஐப்பசியில் சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போவீர்கள் அல்லவா.